15 நாளில் பணம்: டர்பனில் பி.இ.இ. சட்டத்தோடு 11 ஆண்டுகள்

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். "தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்தால் கருப்பினத்தவருக்குப் பங்கு எழுதிக் கொடுத்தாக வேண்டுமாமே, நிஜமா?" கேட்பவர் அங்கே கடை வைக்க யோசிக்கும் சொந்தக்காரராக இருப்பார். இல்லையென்றால் வேலை கிடைத்து விசாவுக்குக் காத்திருக்கும் பையனாக இருப்பான். இரண்டு வரியில் பதில் சொன்னால் தப்பாகத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் பார்த்ததையும் செய்ததையும் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்குக் கணக்கு வேலை. 2013-இல் பாளையங்கோட்டையிலிருந்து டர்பனுக்கு வந்தேன். 2003-இல் நிறைவேறிய கருப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்தை இங்கே எல்லோரும் பி.இ.இ. என்றுதான் சொல்வார்கள். வந்த முதல் வாரத்திலேயே அந்த மூன்று எழுத்தைக் கேட்டேன். டெண்டர் போட வேண்டுமா, பெரிய கடைக்குச் சரக்கு கொடுக்க வேண்டுமா, வங்கியில் கணக்கு மாற்ற வேண்டுமா, "உங்கள் லெவல் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தொழில் கருப்பினத்தவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்த்துப் போடும் தரம்தான் லெவல். 1-தான் மேல்படி, எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். அதை ஒரு காகிதச் சடங்கு என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை உடைத்தவர் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

அப்போது நான் இருந்தது கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனி. அங்கே 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஜூலுக்காரர் அவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கி கொடுத்த ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். வீட்டுக் கடன் கேட்டிருக்கிறார். "நீங்கள் ஒரு கம்பெனியின் இயக்குநர், அந்தக் கம்பெனியின் வரவு செலவைக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எந்தக் கம்பெனி என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கம்பெனிப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். எங்கள் கம்பெனிதான். அதில் 26 சதவீதப் பங்கு அவர் பெயரில் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு சம்பள உயர்வுக் கடிதத்தோடு சேர்த்து ஏதோ நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

நம் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: பினாமி. அங்கே சொத்தை மறைக்கப் பினாமி வைப்பார்கள். இங்கே சொத்தைக் கொடுத்ததுபோல் காட்டப் பினாமி வைக்கிறார்கள். இங்குள்ளவர்கள் இதை ஃப்ரன்ட்டிங் என்பார்கள். முதலாளியிடம் கேட்டபோது, "டிசம்பரில் அவருக்குத் தனியாக போனஸ் கொடுக்கிறோமே" என்றார். நான் ஏடுகளைப் புரட்டினேன். ஈவுத்தொகை ஒரு ரேண்ட்கூடப் போகவில்லை. ஒரு கூட்டத்துக்கும் அவரை அழைத்த குறிப்பு இல்லை. வங்கியில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் இல்லை. அதே மனிதர் வீட்டுக் கடன் கேட்டால் மட்டும் "இயக்குநர்" ஆகிவிடுகிறார்.

அதற்கப்புறமும் ஏழு மாதம் அங்கேயே இருந்தேன். விசா அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது, மனைவி மாசமாக இருந்தாள். இன்றைக்கும் அந்த ஏழு மாதம் எனக்கு உறுத்துகிறது. செய்தது ஒன்றே ஒன்று: அவர் பெயர் உள்ள எல்லாத் தாளையும் நகலெடுத்து அவரிடமே கொடுத்தேன், இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னேன். அப்போது பி.இ.இ. புகாரை வாங்கத் தனி ஆணையம் கிடையாது. 2013-இல் சட்டத்தைத் திருத்தி, ஃப்ரன்ட்டிங்கைக் குற்றம் ஆக்கினார்கள். ஆணையம் 2016-இல்தான் வேலையைத் தொடங்கியது. இன்றைக்கு இதில் மாட்டினால் தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம். தப்பு நடப்பதைப் பார்த்தும் சொல்லாமல் விடும், லெவலைச் சரிபார்த்துச் சான்றளிப்பவருக்கும் தண்டனை உண்டு.

இங்கே கடை திறக்க வரும் நம்மவர்களுக்காக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிலர் பயந்துகொண்டு, வேலை செய்யும் பையன் பெயரையோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பெயரையோ பங்குதாரராகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. பொது விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரேண்ட்டுக்குள் இருந்தால், கருப்பினப் பங்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலுக்கு நேராக 4-ஆம் லெவல் கிடைத்துவிடும். சான்றிதழ்கூட வேண்டாம், ஒரு பிரமாணப் பத்திரம் போதும். கட்டுமானம், சுற்றுலா போன்ற சில துறைகளுக்குத் தனி விதியும் வேறு வரம்பும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காத ஒன்றுக்காக ஏழையின் கையெழுத்தை வாங்கி, அவருடைய வீட்டுக் கடனையும் கெடுத்து, நீங்களும் ஜெயிலுக்குப் போக வேண்டாம்.

2015-இல் வேலை மாறினேன். டர்பனை ஒட்டிய பைன்டவுனில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. விற்றுமுதல் 5 கோடி ரேண்ட்டைத் தாண்டியது. அதனால் லெவலைத் தீர்மானிக்கும் முழு மதிப்பெண் அட்டையும் எங்களுக்குப் பொருந்தும். அந்த மே 1 முதல் புது விதிகள் அமலுக்கு வந்திருந்தன. பழைய விதியில் நல்ல லெவலில் இருந்த கம்பெனி, புது விதியில் மளமளவென்று இறங்கி 6-க்கு வந்து நின்றது. எங்களிடம் பெட்டி வாங்கும் ஒரு பெரிய கடைக்காரர் கடிதம் போட்டுவிட்டார்: ஒரு வருடத்துக்குள் 4-க்கு வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தச் சட்டம் வேலை செய்யும் விதமே இதுதான். எங்கள் மாதிரித் தனியார் கம்பெனியில் யாரும் வந்து "ஏன் செய்யவில்லை" என்று தண்டம் போடுவதில்லை. ஆனால் அரசு வேலையும் உரிமமும் வேண்டுமென்றால் பெரிய கம்பெனிக்கு மதிப்பெண் தேவை. அந்த மதிப்பெண்ணில் ஒரு பெரும் பகுதி, அது யாரிடம் சரக்கு வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. 1-ஆம் லெவல்காரரிடம் 100 ரேண்ட்டுக்கு வாங்கினால் கணக்கில் 135 என்று ஏறும். 4-ஆம் லெவலுக்கு 100, 6-ஆம் லெவலுக்கு 60, லெவலே இல்லாதவருக்குப் பூஜ்யம். ஆகவே எங்கள் லெவல் கடைக்காரருக்குத் தலைவலி, எங்களுக்கு ஆணியும் மரமும் கொடுப்பவருடைய லெவல் எங்களுக்குத் தலைவலி. மேலிருந்து இழுத்தால் கடைசிக் கண்ணி வரை அசையும் சங்கிலி.

அட்டையில் பங்குரிமைக்கு 25, நிர்வாகத்துக்கு 19, சமூக நலத்துக்கு 5, பயிற்சிக்கு 20, சப்ளையர்களிடம் வாங்குவதற்கும் அவர்களை வளர்ப்பதற்கும் சேர்த்து 40-க்கும் மேல். பங்குரிமை, பயிற்சி, சப்ளையர் ஆகிய மூன்றிலும் குறைந்தது 40 சதவீதமாவது எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் ஒரு லெவல் இறங்கிவிடும். முதல் வருடம் நாங்கள் விழுந்தது பயிற்சியில். நிறையச் செலவு செய்திருந்தோம், ஆனால் வருகைப் பதிவேடு இல்லை, அடையாள அட்டை நகல் இல்லை. சரிபார்க்க வந்த பெண்மணி ஃபைலை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் செய்ததை நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கைக்கு மதிப்பெண் போட எனக்கு இடமில்லை" என்றார். அப்புறம் மாதாமாதம் ஃபைல் போட ஆரம்பித்தோம். வருடக் கடைசியில் தேடினால் பாதி கிடைக்காது.

இந்தச் சரிபார்ப்பின்போதுதான் "கருப்பினத்தவர்" என்ற சொல்லுக்குச் சட்டம் சொல்லும் பொருளைச் சரியாகப் படித்தேன். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூன்று பேரும் அதில் வருவார்கள். பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நாளான 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடியுரிமை பெற்றிருக்கவோ, பெறத் தகுதியோடு இருந்திருக்கவோ வேண்டும். 2008-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் சீன வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். நான் நாளைக்கே குடியுரிமை வாங்கினாலும் இந்தக் கணக்கில் வரமாட்டேன். எங்கள் சம்பளப் பிரிவில் இருக்கும் ஆன்ட்டி வருவார்.

ஆன்ட்டியின் முன்னோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பலில் தொடங்கிய வரவு அது. அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தம்பி, ஆயா, சாமி தெரியும், புரட்டாசி மாதம் முழுக்கக் கறி தொடமாட்டார். அவருடைய தாத்தா டர்பன் நகராட்சியில் கூலி வேலை பார்த்தவர், குடியிருந்தது மேகஸின் பாராக்ஸ் என்ற லைன் வீட்டில். அந்த இடத்தை இடித்து, இன்னார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற சட்டத்தின் பெயரில் எல்லோரையும் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். "எங்களைத் துரத்தினார்கள் தம்பி. ஆனால் எங்களுக்குக் கீழே இன்னொரு படி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்" என்பார் அவர். நிர்வாகப் பதவிகளுக்கான இலக்கு வேலை செய்யும் அல்லது வேலை தேடும் மக்களின் விகிதப்படி அமைவதால், இந்தியரை மட்டும் பதவியில் வைத்து அட்டையை நிரப்பிவிட முடியாது, ஆப்பிரிக்கப் பெண்களுக்கான இடம் காலியாகவே நிற்கும். ஆன்ட்டி அது சரிதான் என்றார். அலுவலகத்தில் எல்லா இந்தியர்களும் அப்படிச் சொல்லவில்லை.

அவர் சொன்ன அந்தக் கீழ்ப்படியில் இருந்தவர்தான் பாபா. ஜூலுவில் பாபா என்றால் அப்பா, வயதில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பேலட் ரிப்பேர் செய்பவர். பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்க அடியில் ஒரு மரத்தட்டு இருக்குமே, அதுதான் பேலட். மாதம் நூற்றுக்கணக்கில் உடையும். புதிது வாங்குவதைவிட ரிப்பேர் செய்வது மலிவு. வேறு ஒரு ஆலையில் ஆட்குறைப்பில் வெளியே வந்த அவர், கிளெர்மான்ட்டில் தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பையன்களை வைத்து இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். கிளெர்மான்ட் பழைய காலத்திலேயே ஆப்பிரிக்கர்கள் சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடிந்த அரிதான இடங்களில் ஒன்று. மொத்த நாட்டிலும் 1913-இன் நிலச் சட்டம் பெரும்பான்மை மக்களுக்கு விட்டுவைத்தது சுமார் 7 சதவீத நிலம். 1936-க்குப் பிறகுகூட ஏறத்தாழ 13 சதவீதம்தான்.

2017-இல் முதல் தடவை அவருடைய முற்றத்துக்குப் போனேன். உடைந்த பலகையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்துவார். ஆணி கிரீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வரும். வளைந்த ஆணியைப் பழைய தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, உருட்டி உருட்டி, மூன்று தட்டில் நேராக்கி டப்பாவில் போடுவார். புது ஆணி வாங்கக் காசு இல்லை. கைப்பெருவிரல் நகம் கருத்துப்போயிருந்தது. தரையெல்லாம் மரத்தூள், மூலையில் ஒரு கோழி. கணக்கெல்லாம் சுவரில் சாக்பீஸில் கோடுகளாக இருந்தது. என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாங்கள்தான் 14 பேலட்டுக்குப் பணம் கொடுக்காமல் விட்டிருந்தோம்.

அவர் பிறந்தது 1958-இல். ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கூலி வேலைக்குத் தயார் செய்யவே 1953-இல் கொண்டுவந்த பாண்டு கல்விச் சட்டத்தின் கீழ் படித்தவர். ஆலையில் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டும் உதவியாள் சம்பளம்தான், மெஷின்காரர் பதவி வெள்ளையருக்கு. அவருடைய அப்பா, ஆப்பிரிக்கர்களுக்கென ஒதுக்கிய டவுன்ஷிப் குடியிருப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கட்டடம் நகராட்சியுடையது, வாடகைக்குத்தான் இருக்கலாம். இரண்டாவது கடை திறக்கவும் அனுமதி இல்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் "கடன் வாங்க ஜாமீன் கொடுக்கச் சொத்து ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டபோது பதிலாகச் சொன்னார். மூன்று தலைமுறை உழைப்பும் சொத்தாக மாற முடியாதபடி சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் எல்லோரும் சமம் என்று அறிவித்து, வங்கி வாசலில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் அது சமம் ஆகுமா? பி.இ.இ. எதற்கு என்று யார் கேட்டாலும் நான் அந்தச் சைக்கிள் கடையைத்தான் சொல்கிறேன்.

சரி, எங்களுக்கு அவர் தேவைப்பட்டார். வரிக்குப் பிந்தைய லாபத்தில் 2 சதவீதத்தைச் சப்ளையர் வளர்ச்சிக்குச் செலவு செய்ய வேண்டும். பயன் பெறுபவர் சிறு தொழிலாக இருக்க வேண்டும், குறைந்தது 51 சதவீதம் கருப்பினத்தவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அவர் முழுக்கச் சொந்தக்காரர், விற்றுமுதல் 1 கோடிக்கு ரொம்பக் கீழே. அப்படிப்பட்டவருக்கு 1-ஆம் லெவல். அதற்கு ஒரு பைசா செலவில்லை, காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கினால் முடிந்தது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒரு ஏஜென்ட் 1,800 ரேண்ட் வாங்கிக்கொண்டு, தங்க நிற ஓரம் போட்ட ஒரு "சான்றிதழ்" கொடுத்திருந்தார். அது எங்கேயும் செல்லாது. பிரமாணப் பத்திரத்திலும் கவனம் வேண்டும்: பொருந்தாத வரியை அடிக்காமல் விடுவது, நிதியாண்டு முடியும் தேதியை மறப்பது, நீங்கள் கையெழுத்திட்ட தேதியும் அதிகாரி இட்ட தேதியும் வேறு வேறாக இருப்பது. இந்த மூன்றுக்காகவே எத்தனையோ தாள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிகாரியின் முன்னால் போய்த்தான் கையெழுத்துப் போட வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நாங்கள் அவருக்கு ஒரு கம்ப்ரஸரும் ஆணி அடிக்கும் இரண்டு துப்பாக்கிகளும் வாங்கிக் கொடுத்தோம். இயக்குநர் வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். மதிப்பெண் வந்தது, லெவல் 4-க்கு ஏறினோம். எனக்குப் பெருமைதான். மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பாபா அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப்போய்விடுவார்கள்" என்றார்.

விசாரித்தேன். பையன்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டும். மரம் வாங்க ரொக்கம் வேண்டும். நாங்கள் பணம் கொடுப்பதோ 60 நாள் கழித்து. நடுவில் அவர் மஷோனிசாவிடம் போயிருக்கிறார். நம் ஊர் கந்துவட்டிக்காரரேதான். 3,000 வாங்கினால் அடுத்த மாதம் 4,500. வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் பிடித்து வைத்துக்கொள்வார். நாங்கள் 60-ஆவது நாள் அனுப்பிய பணத்தை பாபாவின் அட்டையில் மஷோனிசாவே எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் கண் வைத்தது கம்ப்ரஸரின் மேல்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது என்னவென்றால், நாங்கள் ஒரு கையால் கருவி கொடுத்துவிட்டு இன்னொரு கையால் இரண்டு மாதம் அவரிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். ஏழையிடம் பெரிய கம்பெனி வாங்கும் கடன். மதிப்பெண் அட்டையில் இது எங்கேயும் தெரியாது.

விதிகளை மறுபடி படித்தேன். சப்ளையர் வளர்ச்சிக் கணக்கில் நன்கொடை, கடன், கருவி மட்டுமில்லை, சிறு சப்ளையருக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் பணம் கொடுப்பதும் பங்களிப்பாகச் சேரும். நிதி இயக்குநரிடம் போனேன். "எல்லோருக்கும் 60 நாள்தான், ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் வருவார்கள்" என்றார். பாபாவின் மாத பில் சுமார் 40,000 ரேண்ட். எங்கள் மொத்தக் கொள்முதலில் அது ஒரு தூசி. சீக்கிரம் கொடுப்பதால் எங்களுக்கு ஆகும் செலவையும் அதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு வாரம் இழுத்தார். கடைசியில், கருப்பினச் சிறு சப்ளையர் எல்லோருக்கும் 15 நாள் என்று கையெழுத்தானது. மொத்தம் 11 பேர். மஷோனிசாவின் கணக்கை முடிக்க ஒருமுறை முன்பணம் கொடுத்தோம். அட்டையை வாங்கிவர ஆன்ட்டியும் கூடப் போனார்.

ஆகவே சப்ளையர் வளர்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் யாரிடமும் நான் முதலில் கேட்பது: அவருடைய பில்லை எத்தனை நாளில் தீர்க்கிறீர்கள்? அது 30-க்கு மேல் என்றால் கருவி, பயிற்சி, விழா எதுவும் இப்போதைக்கு வேண்டாம், அதைக் குறையுங்கள்.

பயிற்சியிலும் இதே மாதிரி ஒன்று கற்றோம். சம்பளப் பட்டியலில் 6 சதவீதம் அளவுக்குக் கருப்பினத்தவரின் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்பது இலக்கு. வேலையில்லாத 12 இளைஞர்களை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுத்தோம். முதல் மாதமே நான்கு பேர் வரவில்லை. சோம்பேறிகள் என்று மேற்பார்வையாளர் எழுதி வைத்துவிட்டார். ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்தால், மினிபஸ் டாக்ஸிக்குக் காசில்லை, உதவித்தொகை மாதக் கடைசியில்தானே வருகிறது என்றாள். அடுத்த வருடம் முதல் இரண்டு மாதம் வாரவாரம் கொடுத்தோம். ஒருவரும் பாதியில் விட்டுப் போகவில்லை. பயிற்சி முடிந்தபின் வேலையில் சேர்த்துக்கொண்டால் கூடுதலாக 5 மதிப்பெண் உண்டு. அதற்காகவே உள்ளே எத்தனை இடம் காலியாகும் என்று முன்னாலேயே எண்ணி, அத்தனை பேரை மட்டும் எடுங்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு மறுபடி வீட்டில் உட்காரும் பிள்ளைக்கு முன்னைவிட அதிகம் வலிக்கும். வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாடு இது.

சட்டத்தின் மீதான குறைகளையும் மறைக்கக் கூடாது. 1990-களில் முதல் சுற்றில் நடந்தது பெரும் பங்கு ஒப்பந்தங்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். 1998-இல் சந்தை சரிந்தபோது பலருடைய பங்கு கடனுக்கே போய்விட்டது, அரசியல் தொடர்புள்ள சிலர் மட்டும் மேலே போனார்கள். சிரில் ராமபோசா தலைமை தாங்கிய ஆணையம் 2001-இல் அறிக்கை தந்து, 2003-இல் "விரிந்த அடிப்படை" என்ற சொல்லோடு சட்டம் வந்ததற்கு அந்தக் கசப்பும் காரணம். இன்றைக்கும் டெண்டர் வாங்கி இடையில் நின்று காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாபாவுக்கு அவர்கள்மேல் எங்களைவிட அதிகக் கோபம். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. 2017-இன் கொள்முதல் விதிகளை அரசியல் சட்ட நீதிமன்றம் 2022-இல் செல்லாது என்றது, புது விதிகள் 2023 ஜனவரியில் வந்தன, 2024-இல் புதிய பொதுக் கொள்முதல் சட்டம் கையெழுத்தானது. 1-ஆம் லெவல் இருந்தால் டெண்டரில் தானாகப் புள்ளி விழும் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு அரசு அமைப்பும் தன் இலக்கைத் தானே எழுதுகிறது. டெண்டர் தாளை முழுக்கப் படியுங்கள்.

2021 ஜூலை பற்றி எழுதாமல் விட மனமில்லை. கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனைச் சுற்றிக் கிடங்குகள் எரிந்தன. எங்கள் கிடங்கும் சூறையானது. இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அந்த வாரம் ஆன்ட்டி தினமும் பாபாவுக்குப் போன் செய்தார். முதல் இரண்டு நாள் பாபா எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள்?" என்று மட்டும் கேட்டாராம்.

அவருடைய மரம் முழுக்கப் போய்விட்டது. கம்ப்ரஸரை வீட்டுக்குள் இழுத்து வைத்ததால் தப்பியது. எங்களுக்கு இழப்பீடு வந்தது, அவருக்கு வரவில்லை. இங்கே கலவரச் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது, அரசின் சஸ்ரியா என்ற நிறுவனத்தின் காப்பீட்டைக் கூடவே சேர்த்து வாங்க வேண்டும். 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பின், 1979-இல் தொடங்கியது அது. பாபா அந்தப் பெயரையே கேட்டதில்லை. நாலு வருடம் அவரை "வளர்த்த" நாங்கள் அதைச் சொல்லவில்லை. இப்போது எங்கள் சப்ளையர் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி அது. கடை வைத்திருக்கும் நம்மவர்களும் இன்றைக்கே தங்கள் பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அவரிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஏற்றுமதி பேலட்டை அவரால் இன்னும் தொட முடியவில்லை. அதற்கு மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற வேண்டும், முத்திரை குத்த அங்கீகாரம் வேண்டும். அந்தச் சூளைக்கான பணத்தை எங்கே திரட்டுவது என்று மகள் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சுவரில் இருந்த சாக்பீஸ் கோடெல்லாம் அவளுடைய லேப்டாப்புக்குப் போய்விட்டது.

போன மாதம் பாபா வந்திருந்தார். இன்னொரு ஆலை பேலட் ரிப்பேருக்கு விலை கேட்டிருக்கிறது, எங்களைப்போல் இரண்டு மடங்கு வேலை. மகள் அடித்த கொட்டேஷனை நீட்டினார். விலைக்கும் மேலே, முதல் வரியிலேயே "15 நாளில் பணம்" என்று இருந்தது.

"அவர்கள் 30 நாள் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

இருவருமாக உட்கார்ந்து எண்ணினோம். கையில் ஆறு வாரத்துக்கு மரம் இருந்தது. வங்கியில் இரண்டு மாதக் கூலி இருந்தது. யாருக்கும் கடன் இல்லை.

"ஒத்துக்கொள்ளுங்கள் பாபா" என்றேன்.